கைப்பட்டைக்கு ஓர் ஒட்டு

எனக்கு முன்கோபம் கிடையாது. யாராவது கோபப்படுத்தினால் மட்டும்தான் கோபம் வரும். இதை நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். டெப்போவில் எனக்கு ‘ஹாரன்’ என்று பட்டப்பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால், அவன் காதோரம் நின்று ஒரு தடவை ஊதிக் காட்ட வேண்டும் என்று காத்திருக்கிறேன். பதினேழாம் நம்பர் பஸ் என்றால் நான்தான். என் தலை நரைத்ததே அந்த சீட்டில் உட்கார்ந்துதான்.

அப்படிப்பட்ட என்னை, வருடத்துக்கு ஒரு தடவை நடக்கும் உடல் பரிசோதனையில், ஒரு நர்ஸம்மா வண்டியைவிட்டு இறக்கிவிட்டார்.

டெப்போவுக்கு எதிரே இருக்கும் கிளினிக்கில்தான் ஓட்டுநர்களுக்குப் பரிசோதனை. நர்ஸம்மா மேசைமேல் இருந்த, பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் எடுத்தார், என் புஜத்தைப் பார்த்தார், பட்டையை வைத்துவிட்டுக் கீழ் இழுப்பறையிலிருந்து வேறொன்றை எடுத்தார். அது இன்னும் அகலமாகவும் நீளமாகவும் இருந்தது.

“என்ன சிஸ்டர், யானைக்குக் கட்டுறதா?” என்றேன்.

“யானை இவ்வளவு பேசாது. வாயை மூடிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க.”

பவர் ஸ்டியரிங் வராத காலத்தில் வண்டி பழகியவன் நான். ஒவ்வொரு திருப்பத்திலும் மல்லுக்கட்டி மல்லுக்கட்டி என் புஜம் இரண்டும் தூண் மாதிரி ஆகிவிட்டன. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நர்ஸம்மா அந்தப் பெருமையைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு தடவை பார்த்தார், மறுபடியும் பார்த்தார், அந்தக் கையை விட்டுவிட்டு இந்தக் கையில் பார்த்தார். மேலே நூற்று எழுபத்திரண்டு, கீழே நூற்று நான்கு.

டாக்டர் கேட்டார்: “தலைவலி, மயக்கம், மூச்சு வாங்குறது, ஏதாவது?”

“ஒண்ணுமில்ல டாக்டர். கல்லு மாதிரி இருக்கேன்.”

“கல்லுக்கு பிரஷர் இருக்காது. உங்களுக்கு இருக்கு,” என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

டெப்போவின் சட்டம் இதுதான். மேல் அளவு நூற்று நாற்பதுக்குக் கீழே வந்தால்தான் ஸ்டியரிங்கில் கை வைக்கலாம். ஒரு மாதம் தவணை. அடுத்த பரிசோதனையிலும் இறங்கவில்லை என்றால் பஸ் ஓட்டும் அனுமதியை வாங்கிக்கொண்டு, ஓய்வு பெறும்வரை மேசை வேலை கொடுத்துவிடுவார்கள். சோறு போடும் வேலைதான், யாரும் தெருவில் விடப்போவதில்லை. ஆனால் மீனைத் தரையில் போட்டுவிட்டு, “பட்டினி போட மாட்டோம், கவலைப்படாதே” என்று சொன்னால் அது என்ன செய்யும்?

“எப்ப சிஸ்டர் இறங்கும்? நாளைக்கா, நாளன்னிக்கா?”

“மருந்து இன்னிக்கே வேலைய ஆரம்பிச்சிடும். முழுசா தெரியறதுக்கு ரெண்டு வாரம் ஆகும், சிலருக்கு நாலு வாரம்கூட ஆகும். தினமும் ஒரே நேரத்துல ஒண்ணு.”

“தலைவலி மாத்திரை அரை மணி நேரத்துல கேக்குதே?”

“அது வலியை அடக்குற மாத்திரை. இது ரத்தக் குழாயைத் தளர்த்திப் பழக்குற மாத்திரை. வருஷக்கணக்கா இறுகிக் கிடந்தது ஒரே ராத்திரியில தளருமா? பொறுமையா இருங்க. ஒண்ணுன்னா ஒண்ணுதான், ஞாபகம் வச்சுக்குங்க.”

என்னைப் பார்த்துப் பொறுமையாக இரு என்கிறார். குதிரையைப் பார்த்து உட்காரு என்று சொல்வது போலத்தான்.

என் மனைவி தையல்காரி. புதுத்துணி தைப்பது குறைவு, பழைய துணியைத் திருத்துவதுதான் அவள் தொழில். இறுக்கிப் பிடிக்கும் சட்டையைப் பிரித்துவிடுவாள், தொளதொளவென்று தொங்குவதைப் பிடித்துத் தைப்பாள், பற்றாத இடத்தில் ஒட்டுப் போடுவாள். வீட்டின் முன்னறைதான் கடை. நடுவில் துணி வெட்டும் மேசை, சன்னலோரம் மிஷின், சுவரெல்லாம் ஊராரின் கால்சட்டைகள். அவள் கழுத்தில் அளவு நாடா எப்போதும் தொங்கும். “நான் போட்ட ஒட்டை எவராவது கண்டுபிடிச்சா இந்தத் தொழிலையே விட்டுடறேன்” என்று வாடிக்கையாளர்களிடம் சவால் விடுவாள். இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

நான் விஷயத்தைச் சொன்னதும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, “சரி, ஒரு மாசம்தானே? வந்தது வரட்டும், பார்த்துக்கலாம்” என்றாள். அன்று மாலை சமையலறையிலிருந்து உப்பு ஜாடி காணாமல் போனது.

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு கேள்விப்பட்டதில்லையா நீ?” என்றேன், முதல் வாய் வைத்ததும்.

“குப்பையில போட வேணாம், வயித்துல போடுங்க.”

சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், மேசைமேல் கருநீல ரெக்ஸினை விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். ரெக்ஸின் தைப்பது அவள் வழக்கமில்லை, ஊசி முறியும் என்று திட்டுவாள்.

“யாருக்கு இது?”

“ஒரு வாடிக்கைக்கு. கோபக்கார ஆளு. சரியா அமையலைன்னா தெருவே கேக்கறாப்பல கத்துவாரு.”

“அந்த மாதிரி ஆளுக்கெல்லாம் ஏன் தைச்சுக் குடுக்கறே?”

“என்ன பண்றது, பழகிட்டேன்,” என்று சொல்லி ஊசியில் நூல் கோத்தாள்.

மறுநாள் காலை என் மச்சான் வந்து நின்றான். அவளுடைய தம்பி. செல்போன் கடை வைத்திருக்கிறான். உலகத்தில் எந்தக் கஷ்டம் வந்தாலும் அதற்கு ஒரு டப்பா விற்கிறார்கள் என்பது அவன் கொள்கை. கையில் ஒரு டப்பா இருந்தது.

“மாமா, வீட்டுலயே பிரஷர் பார்க்கற மிஷின். பட்டனை அமுக்கினா போதும், அதுவே சொல்லிடும். கிளினிக் வாசல்ல போய் நிக்க வேணாம்.”

பட்டையை என் கையில் சுற்றினான். இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, தொடவில்லை. மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். நான் வயிற்றை எக்கிக்கொண்டேன்.

“மாமா, கையைச் சுத்துறதுக்கு எதுக்கு வயித்தை எக்கறீங்க?”

“நீ இழுக்கற இழுப்புல எதை எக்கறதுன்னு தெரியலடா.”

அவசரத்துக்கு அண்டாவுக்குள் கூடக் கை நுழையாது என்பார்கள். எங்களுக்கு இந்தப் பட்டைக்குள் நுழையவில்லை. மச்சான் முகம் வாடிப்போனது. அப்போதுதான் என் மனைவி மிஷினைவிட்டு எழுந்து வந்தாள்.

“கொண்டா இங்க. பத்தலைன்னா ஒட்டுப் போட்டுட்டுப் போறது. இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?”

அந்தக் கருநீல ரெக்ஸினின் ஒரு மூலையில் பட்டையாக வெட்டி எடுத்தாள். பழைய பையிலிருந்து வெல்க்ரோ ஒட்டுப்பட்டையைப் பிரித்தாள். மிஷின் கடகடவென்று நாலு ஓட்டம் ஓடியது. பட்டை என் கையில் அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்தது. பார்த்தால் கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வந்தது என்று சத்தியம் செய்யலாம். மச்சான் கை தட்டினான். “அக்கான்னா அக்காதான்!” என்றான். நானும் மனசுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

பட்டனை அமுக்கினோம். நூற்று எண்பத்தாறு.

“முதல் நாள்தானே,” என்றாள் என் மனைவி. எண்ணை மேசை ஓரத்தில் சாக்குக்கட்டியால் எழுதினாள். மறுநாள் அதை அழித்துவிட்டுப் புது எண்ணை எழுதினாள்.

டெப்போவில் என்னைத் தொலைந்த பொருட்கள் அறையில் போட்டார்கள். பஸ்ஸில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போவதையெல்லாம் அங்கேதான் வைப்பார்கள். நாற்பது ஐம்பது குடைகள், ஒற்றைச் செருப்பு, மூக்குக்கண்ணாடி, ஒரு பல்செட். பல்லைக்கூடவா மறப்பார்கள்? அது கண்ணாடிக் குவளைக்குள் உட்கார்ந்துகொண்டு காலையிலிருந்து மாலைவரை என்னைப் பார்த்துச் சிரித்தது. யாராவது வந்து நீலக்குடை என்றால் நீலக்குடையை எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுதான் என் வேலை. நானும் அந்தப் பொருள்களில் ஒன்றுதான், என்னைத் தேடி யாரும் வரவில்லை.

அறைச் சன்னலில் பார்த்தால் பஸ் நிற்கும் முற்றம் தெரியும். என் வண்டியைத் தாடிக்காரன் ஒருவனுக்குக் கொடுத்திருந்தார்கள். அவன் காலையில் கியர் போடும் சத்தம் இருக்கிறதே, சகிக்காது. பல்லோடு பல் உரசி அது அலறும். நான் அந்த வண்டியின் இரண்டாவது கியரைப் பூப்போலப் போடுவேன். வெளியே ஓடிப்போய் அவனை நாலு கேள்வி கேட்கலாம் என்று ஒவ்வொரு நாளும் எழுந்து நிற்பேன். பிரஷர் ஏறிவிடும் என்று உட்கார்ந்துகொள்வேன்.

ஒருநாள் மத்தியானம் என் மனைவி சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். போனவள் வாசலுக்குப் போகாமல் முற்றத்துக்குள் நுழைந்து என் வண்டிப் பக்கம் போவது சன்னலில் தெரிந்தது. தாடிக்காரன் கதவைத் திறந்துவிட்டான், அவள் உள்ளே ஏறினாள். எனக்காக அவனிடம் கியர் விஷயத்தைக் கேட்கப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லட்டும், நல்லா நாலு வார்த்தை சொல்லட்டும்.

வீட்டு மிஷின் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. முதல் வாரம் கொஞ்சம் இறங்கியது. நூற்று எண்பது, நூற்று எழுபத்தைந்து, எழுபது. ஆசை காட்டிவிட்டு நூற்று அறுபதுக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. அதற்குக் கீழே ஒரு எண்ணை எழுத என் மனைவிக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. இரண்டு வாரம் தாண்டியது, மூன்றாவது வாரமும் போனது. கோபப்பட்டால் ஏறும் என்கிறார்கள். ஏறுகிறதே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் இன்னும் ஏறியது. நல்ல கூத்து.

“மருந்து எனக்குக் கேக்கல. இந்த உடம்பு அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு,” என்றேன் ஒருநாள் காலை.

“காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு, பிரேக்குக்குக் காத்து ஏறி மீட்டர் முள்ளு மேல வர்ற வரைக்கும் வண்டியை எடுக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க? அந்த முள்ளு ஏற நேரம் குடுக்கறீங்க, உங்க முள்ளு இறங்க நேரம் குடுக்க மாட்டீங்களா?”

“அது நிமிஷத்துல ஏறும்டி. இது வாரக்கணக்கா நிக்குது.”

“அது இரும்பு. நீங்க மனுஷன்.”

மச்சானைக் கேட்டேன். அவன், “என் கடையில ஃபோன் சார்ஜ் ஏறலைன்னா முதல்ல சார்ஜரைத்தான் மாத்துவேன் மாமா. டாக்டரை மாத்துங்க” என்றான். புது டாக்டரிடம் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். எனக்கோ பரிசோதனைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஒரு மாத்திரை கேட்கவில்லை என்றால் இரண்டு போட வேண்டியதுதானே என்று எனக்கு நானே டாக்டர் ஆகிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையில் பல் தேய்க்கப் போகும் சாக்கில் இரண்டைப் போட்டுக்கொண்டேன். மறுநாளும் போட்டேன், அதற்கு மறுநாளும் போட்டேன். மொத்தமாக இறங்கியபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த நாட்களில் மிஷினைத் தொடவில்லை.

அந்த மூன்றாம் நாள், வேலைக்குக் கிளம்பும்போது, முன்னறையில் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தேன். நிமிர்ந்தேன். அறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுவரில் தொங்கிய கால்சட்டைகளெல்லாம் என் பக்கமாக நடந்து வந்தன. மேசையைப் பிடித்தேன், குண்டூசி டப்பாதான் கைக்கு வந்தது. அது சிதறும் சத்தம் கேட்டது. அதற்குள் என் மனைவி பின்னாலிருந்து என் அக்குளில் கை கொடுத்துத் தாங்கிவிட்டாள். என் எடைக்கு அவள் எப்படித் தாங்கினாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

தரையில் கிடத்தி, காலுக்கு அடியில் துணி மூட்டையை வைத்தாள். என் முகத்தைப் பார்த்தே ஏதோ கள்ளத்தனம் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

“என்ன பண்ணினீங்க? மறைக்காம சொல்லுங்க.”

“ரெண்டு போட்டேன்,” என்றேன்.

இத்தனை வருடத்தில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். ‘ஹாரன்’ என்ற பெயரை அவளுக்கே எழுதிக் கொடுத்திருக்கலாம்.

“ரெண்டா? யாரைக் கேட்டுப் போட்டீங்க? ஏன், டப்பாவோட கவுத்துக்கறதுதானே! எனக்கு பஸ்ஸும் வேணாம், உங்க ஸ்டியரிங்கும் வேணாம். நீங்க வேணும். அது ஏன் உங்க மண்டையில ஏற மாட்டேங்குது?” கத்திக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே டாக்ஸிக்குப் போன் செய்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மயக்கத்தைவிட அந்த வெட்கம்தான் என்னை எழுந்திருக்க விடவில்லை.

கிளம்பும்போது வீட்டு மிஷினையும் பைக்குள் திணித்துக்கொண்டாள். “இதுல வந்ததையெல்லாம் அவங்க பார்க்கட்டும்” என்றாள்.

கிளினிக்கில் நர்ஸம்மா என்னைப் படுக்கவைத்து, கீழ் இழுப்பறைப் பட்டையைக் கட்டினார். பார்த்துவிட்டுப் புருவத்தை நெரித்தார்.

“தொண்ணூத்தி ஆறு. ரொம்ப இறங்கிப் போயிருக்கு.”

“இருக்கவே இருக்காது சிஸ்டர்,” என்று படுத்தபடியே கத்தினேன். “ரெண்டு போடறதுக்கு முந்தின நாள்கூட நூத்தி அறுபத்தி மூணு. அந்த ஆத்திரத்துலதான் ரெண்டா போட்டேன். உங்க மிஷின்தான் கெட்டுப் போச்சு.”

“எங்க மிஷினா? உங்க மிஷினைக் காட்டுங்க.”

என் மனைவி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நர்ஸம்மா பட்டையைத் தடவிப் பார்த்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது. திருப்பிப் பார்த்தார். மறுபடி தடவினார்.

“இங்க ஒரு ஒட்டு இருக்கே. யார் போட்டது?”

என் மனைவியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவள் போட்ட ஒட்டை முதல்முதலாக ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்.

“நான்தான் சிஸ்டர். சுத்துக்குப் பத்தல. அதான் கொஞ்சம் நீட்டி விட்டேன்.”

“தையல் அருமையா இருக்கு,” என்றார் நர்ஸம்மா. “ஆனா நீங்க நீட்டினது துணியைத்தானே? உள்ள ஒரு காத்துப் பை இருக்கு, பாருங்க. அது அதே நீளம்தான். அந்தப் பை கையைக் கிட்டத்தட்ட முழுசா சுத்தணும். பெரிய கையில சின்னப் பையைக் கட்டினா, இருக்கறதைவிட அதிகமாத்தான் காட்டும். எந்த அளவுக் கைக்குன்னு பட்டையிலயே போட்டிருக்கே.”

பட்டையின் உள்பக்கம் பொடி எழுத்தில் இருபத்திரண்டு முதல் முப்பத்திரண்டு என்று அச்சடித்திருந்தது. என் மனைவி கழுத்திலிருந்த நாடாவை எடுத்து என் புஜத்தைச் சுற்றினாள். எத்தனை சட்டைக்கு அளந்த கை! அளக்காமலே அவளுக்குத் தெரியும், பதினைந்தரை அங்குலம். அவள் பார்ப்பதெல்லாம் அங்குலப் பக்கம்தான். இப்போது நாடாவைப் புரட்டி, அவள் ஒருநாளும் பார்க்காத சென்டிமீட்டர் பக்கத்தைப் பார்த்தாள். முப்பத்தொன்பது.

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். “சட்டைக்குப் பண்ற வேலையை மிஷினுக்குப் பண்ணிட்டேனே. என்னாலதானே நீங்க ரெண்டு ரெண்டா முழுங்கினீங்க...”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கட்டில் ஆடும்படி சிரித்தேன். “உன் தையல் பிரிஞ்சிருந்தா அன்னிக்கே விஷயம் தெரிஞ்சிருக்கும்டி. பிரியாத தையல் போட்டது உன் குத்தம். ரெண்டு போட்டது என் குத்தம். கணக்குச் சரியாப் போச்சு, அழாத,” என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். அந்த முறைப்பைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. “இதுல விளையாட்டு ஒண்ணும் இல்ல. ரோட்டுல விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? மருந்து பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கிட்டிருக்கு. தினமும் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். நீங்கதான் அதுக்கு நேரம் குடுக்கல.”

டாக்டர் வந்து பார்த்தார். தண்ணீர் கொடுத்துக் கொஞ்ச நேரம் படுக்கவைத்தார். மறுபடி ஒரே மாத்திரை, பரிசோதனை குறித்த நாளில்தான், தள்ளிப்போட வழியில்லை என்றார்.

“ஒரு மாத்திரையில நூத்தி நாப்பதுக்குக் கீழ வந்துடுமா டாக்டர்?”

“வரலாம். அன்னிக்குப் பார்த்தாத்தான் தெரியும்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ‘வரலாம்’ என் காதில் கிடந்து குடைந்தது. இதுவரை பார்த்ததெல்லாம் பொய் என்றால், நிஜம் எங்கே நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? நூற்று முப்பதாக இருக்கலாம், நூற்று நாற்பத்தைந்தாகவும் இருக்கலாம். பெரிய பட்டை வேண்டும் என்று மச்சானிடம் சொன்னோம், வெளியூரிலிருந்து வரவழைக்க நாளாகும் என்றான். என் மனைவி பழைய பட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மேசை ஓரத்தில் இருந்த எண்ணையும் ஈரத்துணியால் துடைத்தாள்.

“இனிமே பார்க்க வேணாம். மாத்திரையைப் போடுங்க, சாயங்காலம் என்கூட நடங்க, வாயை மூடிட்டு இருங்க. அது இறங்கும்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“தெரியாது. நம்பறேன். ரெண்டு பேர்ல ஒருத்தராவது நம்பணும் இல்ல?”

அந்தச் சில நாட்கள் நடந்தோம். எங்கள் தெரு முனையிலிருந்து பூங்காவைச் சுற்றி வருவோம். பதினேழாம் நம்பர் எங்களைத் தாண்டிப் போகும்போது கியர் அலறும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் கையை அமுக்குவாள். திரும்பி வந்ததும் அந்த ரெக்ஸினை எடுத்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்துவிடுவாள். கோபக்கார வாடிக்கைக்கு இன்னும் முடித்தபாடில்லை.

பரிசோதனை நாள் வந்தது. நர்ஸம்மா கட்டுவதற்கு முன்பே நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். யானை ஜோக்குகூடச் சொல்லவில்லை. சுவரில் ஒரு ஆணி இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டை இறுகியது, என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. கடவுளே, இன்னொரு தடவை அந்த இரண்டாவது கியரைப் போட விடு என்று வேண்டிக்கொண்டேன். பட்டை தளர்ந்தது. நர்ஸம்மா கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மிஷினை என் பக்கம் திருப்பி வைத்தார்.

என் மனைவி நடையில் நின்றுகொண்டிருந்தாள். அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கியதில் விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. நான் எதிரே போய் நின்றேன்.

“சொல்லுங்களேன்! ஊருக்கே கேக்கற மாதிரி கத்துற மனுஷன், இப்ப ஏன் ஊமையா நிக்கறீங்க?”

“முப்பத்திரண்டு,” என்றேன்.

“நூறை எங்க விட்டீங்க?”

“நூத்தி... நூத்தி முப்பத்திரண்டுடி. ரெண்டு தடவையும் அதேதான்.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு மாத்திரையை அவள் கண்ணெதிரே போட்டுக்கொண்டு, முன்னறைக்கு வந்தேன். மேசைமேல் அந்தக் கருநீல ரெக்ஸின் இருந்தது. தைத்து முடித்திருந்தாள். அது ஒரு மெத்தை. முதுகுப்பக்கம் சற்று உயர்ந்து, தொடைக்கு இடம்விட்டு, வலப்பக்கம் பெல்ட்டுக்கு ஒரு வெட்டு. அந்த வடிவத்தை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். உலகத்தில் ஒரே ஒரு சீட்டுக்குத்தான் அது பொருந்தும். அன்றைக்கு மத்தியானம் அவள் எதற்கு என் வண்டியில் ஏறினாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மூலையில் மட்டும் துணி பற்றாமல் பழுப்பு நிறத்தில் ஒரு ஒட்டு இருந்தது. கைப்பட்டைக்கு வெட்டிக் கொடுத்த மூலை.

“இதை எப்ப ஆரம்பிச்சே?”

“நீங்க முதல் மாத்திரை போட்ட அன்னிக்கு.”

“மிஷின் நூத்தி எண்பது, நூத்தி அறுபதுன்னு காட்டிக்கிட்டே இருந்ததே. அப்பவுமா தைச்சே?”

“மிஷின் காட்டினதை எழுதி வச்சேன், என் வேலையை நான் பார்த்தேன்,” என்றாள். “அந்த ஒட்டு மட்டும் பளிச்சுன்னு தெரியுது. வேற ரெக்ஸின் கிடைக்கல. திட்டாதீங்க.”

நான் திட்டவில்லை. மெத்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் தலையில் கையை வைத்தேன். “போங்க, நேரமாச்சு,” என்றாள்.

தாடிக்காரன் முற்றத்தில் சாவியோடு நின்றிருந்தான். “அண்ணே, ரெண்டாவது கியரை எப்படித்தான் போடறீங்க? எனக்கு வரவே மாட்டேங்குது” என்றான். மாதம் முழுக்க அவனுக்காகச் சேர்த்துவைத்த வசவெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சாயங்காலம் வா, சொல்லித் தருகிறேன் என்றேன். மெத்தையை சீட்டில் போட்டேன். இழுக்கவும் இல்லை, புடைக்கவும் இல்லை, அப்படியே உட்கார்ந்தது. பழுப்பு மூலை என் இடது தொடைக்குப் பக்கத்தில் தெரிந்தது. அதைத் தடவிப் பார்த்தேன். ஸ்டார்ட் செய்தேன். காற்றழுத்த முள் கீழே கிடந்தது. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அவன் அடித்துக்கொள்ளட்டும் என்று முள் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன்.